இடம்

ராத்திரி ரெண்டு மணிக்கு லாந்தரோடு வந்து
கதவைத் தட்டினான் டேனிஷ் பங்களா சமையல்காரன் யோபு.
"ரேடியோ செத்துப்போச்சு. அங்கே தேர்தலாம்."
மே மாதம்தான், ஆனாலும் கொடைக்கானல் ஏரிப் பக்கத்து மூடுபனி
கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தது.
ஈயக்கம்பியும் பழைய வால்வு நாலும்
சட்டைப்பையில் கிலுகிலுக்க மேடேறினேன்.

பாஸ்டர் ஓலுஃப் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்
துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி.
தங்கை கிர்ஸ்டன் மடியில் பென்சில், கட்டம் போட்ட தாள்.
இருவரும் ஒரே கட்சி இல்லை என்பது
நாற்காலிகள் கிடந்த தூரத்திலேயே தெரிந்தது.

போயிருந்தது சின்ன வால்வு.
பெரியதெல்லாம் நல்லாயிருந்தும் ஊமை.
மாற்றினேன். முதலில் இரைச்சல்,
பிறகு கோபன்ஹேகன்,
கொதிக்கிற எண்ணெய்க்குள் யாரோ பேசுகிற மாதிரி.

எனக்காக எண்களை மட்டும் தமிழில் சொன்னாள்:
எழுபது. நாற்பத்தைந்து. முப்பது. பதினாலு.
ஒன்பது.
ஒன்பதில் பென்சில் நின்றது.

"யார் ஜெயிச்சது?"
"ஒருவரும் இல்லை."

போன மார்ச்சில் நாங்களும் ஓட்டுப் போட்டோம்.
ஜெயித்தவர் மாலையோடு ஜீப்பில் போனார்,
விஷயம் முடிந்தது.
ஒருவரும் ஜெயிக்காத தேர்தலை என்ன செய்வார்கள்?
"பேசுவார்கள்" என்றாள்.
பாஸ்டர் காப்பியை ஆறவிட்டுவிட்டு
ஜெபம் பண்ணப் போனார். தூங்கவும் போயிருக்கலாம்.

கூலி ஆறு ரூபாய் பன்னிரண்டணா.
அணாவை அடித்து, எழுபத்தஞ்சு நயா பைசா என்று திருத்தி
சீட்டோடு ரெண்டு வாரம் கழித்துப் போனேன்.
அங்கே பேசி முடித்திருந்தார்கள்.
எழுபதும் பதினாலும் ஒன்பதும் சேர்ந்து மந்திரிசபை.

"அந்த ஒன்பது பேருக்கு என்ன பேர்?"
யோசித்து மொழிபெயர்த்தாள்: நீதிக்கட்சி.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"அது எங்க ஊர் ஜமீன்தார்கள் கட்சியாச்சே, அம்மா!"
அவள் சிரிக்கவில்லை. வேதம் வாசிக்கிற நிதானத்தில்
மிஷன் தமிழில் சொன்னாள்:
"நிலத்தின் விலையை ஒரு மனுஷன் உண்டாக்குகிறதில்லை.
அதைச் சுற்றி நடமாடுகிற யாவரும் உண்டாக்குகிறார்கள்.
ஆகையால் அது யாவருக்கும் வரியாய்த் திரும்ப வேண்டும்.
அவர்கள் கேட்கிறது இதுவே."

ஈயம் சுட்ட விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஜாரில் என் கடை எட்டடிக்கு ஆறடி.
பஸ் வந்து நிற்க ஆரம்பித்தது, வாடகை ஏறியது.
சீசனுக்கு மதுரைக்காரர்கள் வந்தார்கள், ஏறியது.
சிதம்பரநாதம் பிள்ளை ஓர் ஆணி அடித்ததில்லை.
ஒழுகின தகரத்துக்கு நானே தார் பூசினேன்.
"கடை நல்லாயிருக்கே" என்று
அதற்கும் ஏற்றினார்.

கூலியை யார் கொடுப்பது என்று
அண்ணனும் தங்கையும் அவர்கள் பாஷையில்
ரொம்ப நேரம் பேசினார்கள். குரல் உயர்ந்து, இறங்கி.
கடைசியில் ஆறு ரூபாய் அவர்,
எழுபத்தஞ்சு பைசா அவள்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது.
கடைவாசலில் பிள்ளையின் கணக்கர்
குடையும் சீட்டுமாக நின்றார்.
ஜூன் முதல் ரெண்டு ரூபாய் கூட.

"டென்மார்க்கில் இதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"அது எந்தத் தெரு?" என்றார்.