தொண்ணூற்றொன்றாம் துண்டு

ஒரு நாளைத் தொண்ணூற்றாறாக நறுக்கி
கால்மணிக்கு ஒரு விலை வைக்கிறார்கள்.
இது தொண்ணூற்றொன்று.
இரவு பத்தரை. வெளியே இன்னும் நாற்பது டிகிரி.

தில்லி ஜன்னலை அடைத்துக்கொண்டு
ஏசிக்குக் கீழே படுத்திருப்பது
என் திரையில் ஒரு பச்சைக் கோடு.
அறுநூறு மெகாவாட் கேட்டேன்.
யூனிட் பத்து ரூபாய்,
அதற்குமேல் ஏலத்தில் எண்ணே கிடையாது.
விழுந்தது நூற்றுத்தொண்ணூறு.

பவானா எரிவாயு நிலையத்துக்குப் போன் போட்டேன்.
பிஷ்ட் சிரிக்கிறார்:
"இயந்திரம் தயார் மேடம், குழாயில் வாயுவும் உண்டு.
கப்பலில் வந்த வாயு.
பதினாலு விழும். ஓட்டவா?"

நரேலாவை அணைக்கலாம். சங்கம் விகாரை அணைக்கலாம்.
பட்டியல் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது,
எப்போதும் அதே பெயர்கள்.
ஓட்டுங்கள் என்றேன்.

பதினொன்றேகாலுக்குப் புழுதிக்காற்று.
முதலில் நஜஃப்கட், அப்புறம் துவாரகா.
படி தவறியவன்போல் விழுகிறது கோடு.
ஆயிரத்து நானூறு மெகாவாட் பசி
பத்தே நிமிடத்தில் எங்கே போயிற்று?
மரம் சாய்ந்து கம்பி அறுந்த தெருக்களில்
ஜன்னல்களைத் திறந்திருப்பார்கள்.
நரேலாவிலும்.

அதிர்வெண் ஐம்பதைத் தாண்டுகிறது.
சற்றுமுன் குறைந்ததற்கு அபராதம்,
இனி மிஞ்சியதற்கு.

பிஷ்ட் கூப்பிடுகிறார்:
"இப்போதுதான் சூடேறிச்சு மேடம். நிறுத்தவா?"

குளிர்பதன அறை. ஜன்னல் கிடையாது.
காவலாளி லக்பத் உள்ளே வந்தபோது
அவர் சட்டையிலிருந்துதான் தெரிந்தது மழை.

விட்டதும் புழுங்கும், பிஷ்ட்ஜி.
இன்னும் ஒரு துண்டு பார்ப்போம்.