பச்சைப் புள்ளிமான்

பகலில் வள்ளத்து எஞ்சின்களின் வயிற்றைத்
திறந்து மூடும் கை.
எத்தனை சவர்க்காரம் போட்டாலும் நகக்கண்ணில்
கிறீஸ் ஒரு கோடு மிச்சமிருக்கும்.
அந்தக் கையோடுதான் பின்னேரம் ஐந்து மணிக்கு
டச்சுக்குடாக் கரையில் நிற்கிறேன்,
இடுப்பில் நீளப் பலூன் கட்டு, கக்கத்தில் பம்பு.

முழுதும் ஊதக் கூடாது.
வாலில் நாலு விரல் வெறுமை விட வேண்டும்.
ஒவ்வொரு முறுக்குக்கும் காற்று கொஞ்சம் ஒதுங்கும்,
ஒதுங்க இடமில்லாவிட்டால் வெடிக்கும்.
(இதை மச்சானுக்கும் சொன்னேன், வேறு விசயமாக.
அவர் கேட்கவில்லை.)

மூக்குக்கு ஒரு திருகு. காதுக்கு இரண்டு.
கழுத்து, முன்னங்கால் சோடி, முதுகு, பின்னங்கால்,
எல்லாம் ஒரே பக்கம்.
மாறித் திருகினால் நாய் அவிழ்ந்து
மறுபடி பாம்பாகிவிடும்.
றப்பர் கீச்சிட, பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு
கண்ணை விரிப்பார்கள்.
வவுனியா பஸ்ஸில் வந்தவர்கள் ஊர்ப்பெயருக்குப் பொருள் கேட்டால்
"திருகு, பிறகு கோணு, மலைபோல நிற்கும்" என்பேன்.
கோணேசர் இதுவரை கோபிக்கவில்லை.

நேவிக்காரன் ஒருவன் மகளுக்கு அன்னம் வாங்கினான்.
கிண்ணியா உம்மா ஒருவர் மூன்று மகன்மாருக்கு மூன்று வாள்,
"சண்டை வராம ஒரே நிறத்துல தாங்க தம்பி."
ஒரே நிறத்தில் கொடுத்தேன்.
சண்டை வந்தது.

பிறகு தருமினி. ஆறு வயது, முன்பல் இல்லை.
"மான்."
பழுப்பு முடிந்துவிட்டது, பச்சைதான் இருந்தது.
"பச்சை மான் இல்லையே?"
"மழை பெய்தா இருக்கும்."
யோசித்தாள். சம்மதித்தாள்.
கொம்புக்குத் தனியாக ஒரு பலூன்,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
"புள்ளி?"
என் பேனை வற்றியிருந்தது.
தாய் கைப்பையைக் கிளறி ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்தார்.
ஆறு இருந்தது.
காணாது என்றாள் மகள்.
தாய் ஒரு கணம் கடலைப் பார்த்தார்,
நெற்றியில் இருந்ததையும் உரித்துத் தந்தார்.

அப்போதுதான் உண்மையான மான் வந்தது.
இங்கே அவை வரும். கோட்டையிலிருந்து இறங்கி
கடலைச் சரையைக் காகிதத்தோடு தின்று
பஸ் நிலையத்தில் படுத்துக்கொள்ளும்,
யாரிடமும் அனுமதி கேளாமல்.
பச்சையைக் கண்டு இலை என்று நினைத்ததோ
இனம் என்று நினைத்ததோ,
கழுத்தை நீட்டி முகர்ந்தது.
பிறகு ஒரு கடி.

டப்.

மான் நாலு காலிலும் துள்ளியது.
கரையில் நாற்பது வயது தாண்டியவர்கள் எல்லாரும்
ஒரு கணம் குனிந்தார்கள்.
"பலூன், பலூன்தான்" என்று யாரோ கத்தினார்.
அழுவாள் என்று தருமினியைப் பார்க்க,
அவள் பல்லில்லாத வாயால் சிரித்துச் சிரித்து
மணலில் விழுந்தாள்.

நான் முழங்காலில் நின்று றப்பர் பொறுக்கினேன்.
போன வருசம் செத்த மானொன்றின் வயிற்றைப்
பிளந்து காட்டினார் வைத்தியர்.
பொலித்தீன் சுருளுக்குள் ஒரு சிவப்புத் துண்டு.
என்னுடையதா என்று நான் கேட்கவில்லை.
அன்றிலிருந்து வெடித்ததை எண்ணாமல் வீட்டுக்குப் போவதில்லை.

துண்டுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்,
ஒரு பலூன் சரியாக வந்தது.
கொம்பு மட்டும் வெடிக்கவில்லை,
அது இப்போது தருமினியின் தலையில்.
பொட்டு ஆறு.
தாயும் நானும் மணலைச் சலித்தோம்.
நேவிக்காரனும் சேர்ந்துகொண்டான்,
அன்னத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி.
ஏழாவதைக் காணவில்லை.

"அங்க பாருங்கோ," என்றாள் தருமினி.

கோட்டை வாசலை நோக்கி ஏறிக்கொண்டிருந்த மான்
ஒருமுறை திரும்பி எங்களைப் பார்த்தது.
மூக்குக்குச் சற்று மேலே, கொஞ்சம் கோணலாக,
மெரூன் பொட்டு.
காவல் சிப்பாய் அதை மேலும் கீழும் பார்த்தான்,
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
ஓரமாக நின்றான்.