பதினோரு நாள்

அந்தத் தேதியை எழுதியவன் நான்தான்.
நியாமே நகரில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து,
சுற்றறிக்கையின் நான்காம் பத்தியில்:
ஜூலை பதினைந்துக்கு முன்
தானியக் கிடங்கைத் திறக்கலாகாது.

காரணம் இல்லாமல் இல்லை.
அறுவடையில் கம்பு கொட்டிக் கிடக்கும்போது
கடன்காரன் களத்திலேயே வந்து நின்று
பாதி விலைக்கு அளந்துகொண்டு போவான்.
அதே மூட்டை மழைக்காலத்தில்
மூன்று மடங்கு விலையோடு ஊர் திரும்பும்.
ஆகவே கிடங்கு. ஆகவே நியாய விலை.
ஆகவே ஒரு கதவு, மூன்று பூட்டு,
மூன்று பெண்களின் முந்தியில் மூன்று சாவி.

டோஸோவுக்கு வடக்கே ஒரு ஊர்.
ஜூலை பன்னிரண்டு. மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன்,
பல்லெல்லாம் மணல், பையில் படிவம்.
இருக்க வேண்டியது நூற்றுப் பன்னிரண்டு மூட்டை.
எண்ணினேன்: எழுபத்தொன்று.
மறுபடி எண்ணினேன்.
சுவரிலிருந்த பல்லியும் என்னோடு எண்ணியது.

பிபாட்டா பதிவேட்டை நீட்டினாள்.
எழுத்தே இல்லை, பக்கம் பக்கமாய்க் கோடுகள்.
ஒரு கோடு ஒரு படி.
குறுக்கே வெட்டியிருந்தால் காசு வந்தாயிற்று,
வெட்டாதது அறுவடைக்குப் பின்.
முதல் கோடு விழுந்த நாள் ஜூலை நான்கு.

"ஜூன் கடைசியில் எறும்புப் புற்றைக் கிண்டினோம்," என்றாள் ஜெய்னாபு.
"அதுகள் சேர்த்ததைப் புடைத்து எடுத்தோம்.
எறும்பு எங்களிடம் தேதி கேட்கவில்லை."

மூன்றாம் சாவி ஹம்சத்துவிடம்.
நான்கு நாள் தரமாட்டேன் என்றிருக்கிறாள்.
அவள் வீட்டிலேயே அடுப்பு
கசப்புக் காயை ஏழு தண்ணீர் மாற்றி வேகவைத்துக்கொண்டிருந்தது.
என் வீட்டுப் பசிக்குத் திறந்தால் அது திருட்டு,
ஊர்ப் பசிக்கென்றால் ஊரே வந்து கேட்கட்டும் என்றாளாம்.
ஐந்தாம் நாள் விடியலில் ஊர் வந்தது.
யாரும் பேசவில்லை.
கொண்டுவந்த சுரைக்குடுக்கைகளை
அவள் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு
நின்றார்கள்.

படிவத்தில் 'விதிமீறலுக்கான காரணம்' என்று ஒரு கட்டம்,
என் சுண்டுவிரல் அகலம்.
பேனாவைத் திறந்துகொண்டு பிபாட்டாவைப் பார்த்தேன்.
"தேதி பதினோரு நாள் பிந்தி வந்தது
என்று எழுதிக்கொள்ளுங்கள்," என்றாள்.
அப்புறம், நான் கேட்காமலே:
"பூட்டைக் குறை சொல்லாதீர்கள்.
பூட்டு இல்லையென்றால்
மார்ச்சிலேயே காலி செய்திருப்போம்."

அவள் சொன்னபடியே எழுதினேன்.
கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறி
முத்திரைமேலும் படிந்தது எழுத்து.

இந்த ஆண்டு வரைவில்
ஜூலை பதினைந்தை அடித்துவிட்டு
'சாவி வைத்திருக்கும் மூவரும் ஒப்பும் நாளில்' என்று போட்டேன்.
இயக்குநர் அறையிலிருந்து திரும்பி வந்திருக்கிறது,
சிவப்பு மையில் இரண்டே சொல்:
தேதி குறிப்பிடுக.

ஜூன் பாதி போய்விட்டது.
காகிதம் இன்னும் என் மேசையில்தான்.