கழித்தல் குறி

சூத்திரம் தலைகீழாக வரும்.
அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி எதற்கு என்றால்
வாய் வராது.
கேள்வித்தாள் அதைத்தான் கேட்கும்.

கூத்தாநல்லூர். சஹர் வரை படிப்பதாகப் பேச்சு.
வீட்டுக்குக் கீழே மோட்டார் காயில் கட்டும் கடை.
அங்கே கிடந்த செப்புக் குழாயை ரிஸ்வானா நிமிர்த்திப் பிடிக்க,
என் கைப்பைப் பொத்தானின் காந்தத்தை உள்ளே விட்டேன்.
காணோம்.
"சிக்கிருச்சுடி."
சிக்கவில்லை. இடுப்பளவு வாய்க்காலில்
எதிர்த்தண்ணீரில் நடப்பவளாக
மெல்ல வந்து என் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

செம்பில் காந்தம் ஒட்டாது. பிறகு யார் பிடித்தது?
பதினான்கு முறை விட்டோம்.

"மாறினா மறிக்குது. எங்க வாப்பா மாதிரி," என்றாள்.
திருச்சியில் சேர்வதாகச் சொன்னதிலிருந்து
அவர் இவளிடம் பேசுவதில்லை.
"ஆனா பாரு, நிறுத்த முடியல."

நோட்டில் அந்தச் சின்னக் கோட்டை
கொஞ்சம் நீளமாகவே போட்டாள்.