நீர்க்கோடு

வேதாளைக் கரையில் எனக்கு வேலை,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை.
தினக்கூலி.
அரசு தந்தது ஒரு விசில், ஒரு டார்ச்,
ஒரு மூங்கில் தடி, ஒரு நோட்டு.

ரோந்துப் படகும் உண்டு.
எட்டு மாதமாகக் கரையேறிக் கிடக்கிறது.
கியர்பாக்ஸ் சென்னையிலிருந்து வரவேண்டுமாம்.
அதன் நிழலில் நாய் குட்டி போட்டது,
குட்டிகளும் இப்போது குரைக்கின்றன.

நோட்டில் நான் எழுதுவது ஒரே வரி:
"இரவு அமைதி."
பேனா தீர்ந்தால் மை மட்டும் மாறும்.

ஆனால் படகைப் பார்த்தே எடை சொல்வேன்.
பச்சைப் பெயிண்டுக்கும் சிவப்புக்கும் நடுவே
தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு.
பீடி இலை உயரமாய் நிற்கும், கனக்காது.
மஞ்சள் கனக்கும், வாசம் காட்டிக்கொடுக்கும்.
கடல் அட்டை டிரம்முக்குள் குலுங்கும்.
இதெல்லாம் அக்கரைக்குப் போகிற சரக்கு.
குற்றம் என்று யாரும் சொல்வதில்லை,
தொழில் என்போம்
வாயைத் துடைத்துக்கொண்டு.

வருகிற சரக்கு வேறு.

மாசி அமாவாசைக்கு மறுநாள்
முயல்தீவுப் பக்கமிருந்து
விளக்கில்லாமல் வந்தது ஒரு பைபர் படகு.
ஆள் இரண்டு பேர். மீன் இல்லை.
ஆனாலும் தண்ணீர் மேல்கோட்டைத் தொட்டிருந்தது.
ஐஸ் பெட்டிகளை இறக்கினார்கள்.
மணலில் வைத்தால் ஐஸ் அப்படிச் சத்தம் போடாது.
இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம் அது,
பல்லைக் கடிப்பதுபோல.

"என்னண்ணே, விசில் ஊதப் போறியா?"
சிரித்தவன் நம்பு. என் தம்பியோடு படித்தவன்.
"எஞ்சின் பார்ட்ஸுதாண்ணே. நம்பு."

எங்கள் பக்கத்தில் நம்புநாயகிக்கு நேர்ந்த
பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பெயர்தான்.
அன்றைக்கு அது வினைச்சொல்லாக இருந்தது.
நம்பினேன்.
சட்டைப்பையில் மடித்து வைக்கப்பட்ட
இன்னொரு வகை நோட்டும்
நம்பச் சொன்னது.

ஏழு வாரம் கழித்து
சாயல்குடி விலக்கில், டீக்கடை வாசலில்
லாரி செட்டுக்காரர் ஒருவர் செத்து விழுந்தார்.
மணல் தகராறு.
முன்பென்றால் அரிவாள் வந்திருக்கும்.
அரிவாளுக்குக் கை நீளம்தான் எல்லை,
ஓடிப் பிழைக்க வழி இருந்தது.
இப்போது இரண்டு குண்டு அவருக்கு,
மூன்றாவது
பால் கேனை இறக்கிக்கொண்டிருந்த இருளாயிக்கு.
அவளுக்கு மணலும் இல்லை, தகராறும் இல்லை.
ரத்தத்தோடு பால் கலந்து
சாக்கடைவரை ஓடியதாகச் சொன்னார்கள்.

அப்புறம் கமுதியில் ஒரு கல்யாண மண்டபம்.
அப்புறம் பரமக்குடி புறவழிச்சாலை.
விலை இறங்கிவிட்டதாம்,
ஒரு நல்ல செல்போன் காசுதானாம்.
சலூனில் இதைச் சொன்ன பையனுக்கு
மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.

விசாரிக்க ஜீப்பில் வந்தார் ஓர் அதிகாரி.
அவருக்கும் படகு இல்லை.
இறங்காமலே கடலைப் பார்த்தார்,
என் நோட்டைப் புரட்டினார்.
மாசி முழுக்க அமைதி.
கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார்.
அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம்
எனக்குப் பால் வாசம் அடிக்கிறது.

நேற்று மறுபடியும் ஒரு படகு.
நம்பு இல்லை, அவனைவிடச் சின்னப் பையன்கள்.
மேல்கோட்டில் தண்ணீர்.
விசிலை எடுத்து வாயில் வைத்து
நெஞ்சு வலிக்க ஊதினேன்.
உள்ளே இருக்கும் குண்டு
உப்பேறி ஒட்டிப் போயிருந்தது.
வெறும் காற்று வந்தது.

அதற்கே
ரோந்துப் படகின் அடியிலிருந்து
தாயும் குட்டிகளுமாய் எழுந்து
கடலைப் பார்த்துக் குரைத்தன.
பையன்கள் ஒரு நொடி நின்றார்கள்,
பிறகு பெட்டிகளைத் தூக்கினார்கள்.

விடிந்ததும் நோட்டை எடுத்தேன்.
"நாய்கள் குரைத்தன" என்று எழுதினேன்.
இத்தனை பக்கத்தில்
உண்மையான வரி அது ஒன்றுதான்.