இரண்டு வரி

கனடாவை எனக்கு வரியால் தெரியும்.
அல்பெர்டா ஐந்து விழுக்காடு.
ஒண்டாரியோ பதின்மூன்று.
கியூபெக்கில் ஐந்து போக
ஒன்பது புள்ளி ஒன்பது ஏழு ஐந்து.
அந்தக் கடைசி ஐந்துக்காகவே
தனிநாடு கேட்கலாம்.

பாயான் லெப்பாஸ், ஆறாவது மாடி.
இங்கே இரவு பத்து, அங்கே காலை.
நியூஃபவுண்ட்லாந்தில் மட்டும் அரை மணி தள்ளி;
கடிகாரத்தில்கூட ஒட்டாவாவோடு ஒத்துப்போகாத ஊர்.
அடையாள அட்டையில் நான் புவனமலர்,
காதுக்கருவிக்குள் ஷெல்லி.
தொலைபேசிக் கட்டணம் என்று ஆரம்பிக்கிறவர்கள்
மூன்றாம் நிமிடம் பிரதமரிடம் வந்துவிடுகிறார்கள்.

‘பில்லில் இந்த ஐந்து யாருக்கு?’
மத்திய அரசுக்கு, ஐயா.
‘கீழே இந்த ஏழு?’
மாகாணத்துக்கு, ஐயா.
‘என் வாசலில் இருக்கும் குழி யாருக்கு?’
மன்னிக்கவும்,
அது உங்கள் திட்டத்தில் சேராது.

ரெட் டியரிலிருந்து ஓர் அம்மாள்.
‘எண்ணெய் எங்களுடையது,
பொரித்துத் தின்பது கிழக்கே’ என்றாள்.
புரிகிறது மேடம் என்றேன்.
ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்லும் சொல்;
அன்று நிஜமாகவே புரிந்தது.
அடுத்த நாற்காலி டைலன் அனாக் ஜம்பு, மிரிக்காரன்,
புத்ராஜெயாவைப் பற்றி
இதையேதான் சொல்வான், கோலோ மீ மென்றபடி.
அவன் ஊருக்கு நான் போனால்
தொண்ணூறு நாள் சீட்டு தருவார்கள்,
ஒரே நாட்டுக்குள்.
ஒரு மாகாணத்து ஒயின் அடுத்த மாகாணத்துக்குப் போக
அனுமதி கேட்கிறதாம் என்று
அந்த அம்மாள் கொதித்தபோது
ஒயின் மேல் எனக்குப் பாசம் வந்தது.

‘நாங்கள் பிரிந்து போய்விட்டால்
என் இரண்டு வருட ஒப்பந்தம் என்னாகும்?’
பதில்தாளைப் புரட்டினேன்.
வீடு மாறினால், ஒரு பத்தி.
வாடிக்கையாளர் இறந்தால், ஒரு பத்தி.
நாடு மாறினால்?
மேலதிகாரி ஊய் லெங் பேனாவைக் கடித்து யோசித்தாள்.
‘வீடு மாறினதில் போடு லா.’

பிறகு மூஸ் ஜாவிலிருந்து ஒரு பெரியவர்.
பில் சரிதானாம். குறை ஒன்றுமில்லையாம்.
‘ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டுப் படுத்தேன்,
விழித்தால் என் உறுப்பினர் எதிர் வரிசையில்.
திருப்பித் தர வழியுண்டா?
உங்கள் நிறுவனம் முப்பது நாள் தருகிறதே.’

அழைப்பு பதிவாகிறது என்று
சிவப்புப் பொட்டு எரிந்தது.
அரசியல் பேசக்கூடாது, மதம் கூடாது,
வானிலை பேசலாம்.
இங்கே மழை என்றேன்.
மழை பெய்தால் எங்கள் ஊரில் தவளை தாவும்,
சட்டமன்றத்தில் தாவுவதற்கும் அதே பெயர்,
இப்போது தாவினால் பதவி போக
ஒரு சட்டம் இருக்கிறது,
தாவுகிறவர்களும் சட்டம் படித்தவர்கள் என்றேன்.
மறுமுனையில் நீண்ட இருமல்.
சிரிப்புதான் என்று பிறகு தெரிந்தது.
‘உன் மொழியில் எப்படிச் சொல்வாய்?’
தவளை.
‘டாவலே,’ என்றார். ‘டாவலே.’
தேர்தலுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று
நன்றி சொல்லி வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதிப்பெண் வந்தது:
கனிவு, பத்துக்குப் பத்து.
தலைப்பை விட்டு விலகல், இரண்டு குறைவு.
வானிலை என்று வாதாடினேன்.
‘பூச்சி, விலங்கு, வானிலையில் அடங்காது’ என்றாள் ஊய் லெங்.

காலை ஏழு, ரேலாவ், கம்பெனி பஸ் இறக்கிவிட்டது.
அடுக்குமாடிக்கு முன்னால்
நாலு மாதமாக அடைத்த சாக்கடை.
மாநகராட்சி மாநிலத்தைக் கேட்கச் சொல்லும்,
மாநிலம் மத்தியை,
மத்தி ஒரு பாரம் அனுப்பும்,
நிரப்பி மாநகராட்சியில் கொடுக்க.
எல்லாரும் ஒரே கூட்டணி.
சாக்கடைக்கு அது தெரியாது.
அதன் குறுக்கே இரண்டு பதாகை,
நாடாளுமன்றம் ஒன்று, சட்டமன்றம் ஒன்று,
இரண்டிலும் கட்டைவிரல் உயர்த்திய சிரிப்பு.

நடுவில், மிதக்கும் பாலிஸ்டிரீன் தட்டின் மேல்
நிஜமாகவே ஒன்று உட்கார்ந்திருந்தது.
எந்தப் பக்கம் தாவும் என்று
காலணியைக் கையில் பிடித்தபடி பார்த்து நின்றேன்.
தாவவில்லை.
தொண்டை மட்டும் ஏறி இறங்கியது,
அழைப்பில் காத்திருக்கிறவர்போல.
எனக்குத் தூக்கம் வந்தது.