ஒரு மில்லிக்கு நாற்பது

ஷீர்க்கெயின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி
காலை ஏழரைக்கு ஏறத் தொடங்குவேன்.
மூன்றாம் வளைவுக்குள் பனிமூட்டம்
பாதையை, கையுறையை, கையை
ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.
ப்ரோக்கன் சிகரம் வருடத்தில் முந்நூறு நாள்
யாருக்கும் முகம் காட்டுவதில்லை.
மேலே இருக்கும் என்று நம்பித்தான்
ரயில் நிறையச் சனம் போகிறது.

என் வேலை வண்டு அளப்பது.
கறுப்புப் பெட்டிப் பொறிகள் பதினொன்று.
உள்ளே தொங்கும் மணப் பொட்டலம்
“வாருங்கள், இடம் இருக்கிறது” என்று
வண்டின் பாஷையிலேயே பொய் சொல்லும்.
பொறியின் வயிற்றைத் திறந்து
அளவுக் குழாயில் கொட்டி
இரண்டு தட்டு தட்டி, சமன்செய்து, குறிப்பேன்:
ஒரு மில்லிக்கு நாற்பது.
எண்ண வேண்டியதில்லை. அரிசி மாதிரிதான்.

இந்த நாட்டில் அதற்கு அச்சுக்காரன் என்று பெயர்.
பட்டையை உரித்தால் தெரியும்.
நடுவில் நெட்டாக ஒரு வரி, தாய் தின்று போன தடம்.
அதிலிருந்து இருபுறமும் பிள்ளைகள் தின்றவை,
உடம்பு பெருக்கப் பெருக்க
வரியும் தடித்துக்கொண்டே போகிறது.
கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி.
அந்தப் புள்ளியைத் துளைத்துத்தான் பறந்து போகும்.

“காடு செத்துப்போச்சே” என்கிறார்கள்
மழைக்கோட்டில் இறங்கி வருகிறவர்கள்,
என் சீருடையை முறைத்தபடி.

வெள்ளி தோண்டிய காலத்தில்
பீச் மரங்களை உலைக்குத் தின்னக் கொடுத்துவிட்டு
சீக்கிரம் வளருமென்று வரிசைகட்டி நிறுத்திய ஸ்ப்ரூஸ்.
ஒரே வயது. ஒரே உயரம். ஒரே தாகம்.
பதினெட்டில் மழை பொய்த்தது, பத்தொன்பதிலும்.
பிசின் சுரக்கத் தண்ணீரில்லாத மரம்
தாழ்ப்பாள் இல்லாத வீடு.
சிகரத்தை ஒட்டி, யாரும் நடாமல்
தானாய் முளைத்து நின்றவையும் உண்டு.
வண்டு அந்த வித்தியாசமெல்லாம் பார்க்கவில்லை.

என்னோடு அளக்கும் கோர்டுலாவுக்கு எலெண்ட் ஊர்.
இன்றைய அகராதியில் எலெண்ட் என்றால் துயரம்.
முன்னொரு காலத்தில் அயல்நிலம் என்றுதான் பொருளாம்.
“பிறகு எப்படித் துயரமாச்சு?”
“குளிர்காலத்தில் வந்து பார்” என்றாள்,
குழாயைக் கவிழ்த்துக் கழுவியபடி.

ஏழாவது பொறிக்குப் போகும் வழி
துளையிட்ட கான்கிரீட் பலகைகள் பதித்தது.
ரோந்து வண்டிகளுக்காக, நாடு இரண்டாய் இருந்தபோது.
ஒவ்வொரு துளையிலும் இப்போது புளூபெர்ரி,
வாய் ஊதாவாகாமல் யாரும் கடக்க முடியாது.
போன வாரம் இரவுக் கேமராவில்
வேலி நின்ற கோட்டின் மீதே உட்கார்ந்து
முதுகை நக்கிக்கொண்டிருந்தது ஒரு லின்க்ஸ்,
காது நுனியில் கறுப்புக் குஞ்சம் ஆட.
நாலு நிமிடம். நக்கி முடித்து
மேற்கே போகக் கிளம்பி, மனம் மாறி, கிழக்கே போனது.

வெளுத்து நிற்கும் மரங்களுக்கிடையே நடந்தால்
சாவு வீட்டில் பந்தி நடக்கும் சத்தம்:
கருமரங்கொத்தி, விடாமல்.
பறவை எச்சத்தில் விழுந்த ரோவன் விதைகள்
வேரோடு சாய்ந்த மரத்தின் மண்சுவரிலிருந்து
கோணல்மாணலாக, வரிசை தெரியாமல்
என் இடுப்புயரம் வந்துவிட்டன.
அவற்றை அளக்க என்னிடம் படிவம் இல்லை.

ஆகஸ்ட் பதினான்கு. மொத்தம் முப்பத்தொரு மில்லி.
பிரவுன்லாகெ போகும் மாலைப் பேருந்தில்
கைக்கடிகார வாருக்கடியில் ஏதோ சுரண்டியது.
அரிசி நீளம், பழுப்பு, ஒற்றை.
கோட்டில் ஏறிய பொட்டல வாசனையை நம்பி
நுழைய வழி தேடிக்கொண்டிருந்தது.
மணிக்கட்டைப் பட்டை என்றும்
என்னை மரம் என்றும் முடிவுகட்டி.

ஐந்து வருடமாக இந்த மலையில்
எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காமல்
நேரே என்னிடம் குடியேற வந்தது இது ஒன்றுதான்.

நாற்பதில் ஒன்று.
மில்லியில் எழுத முடியாது.
ஜன்னல்கள் திறக்காத பேருந்து.
அடுத்த நிறுத்தம் எலெண்ட், என்றது குரல்.
கதவு திறந்தது, ஈரக் காற்று ஏறியது, மூடியது.
இருவரும் இறங்கவில்லை.